கீரிக்குக் கிடைத்த முத்தம்

ஒரு பனங்காட்டில் செம்பட்டை என்ற கீரி, தன் மனைவி ராக்காயியோடு ஒரு பழைய புற்றில் குடியிருந்தது. பாம்பு பிடிப்பதில் செம்பட்டைக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை யாராவது நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் போதும், அதற்குச் சாப்பாடே வேண்டாம்!

ஒருநாள் முத்தப்பூச்சி ஒன்று புற்று வாசலில் வந்து நின்றது.

"அண்ணே! காடே நடுங்கும் வீரர் நீங்கள்தானா? உங்கள் கன்னத்தில் ஒரே ஒரு முத்தம் கொடுத்தால் போதும், என் பிறவிப் பயன் கிடைத்துவிடும்!"

செம்பட்டைக்குத் தலைகால் புரியவில்லை. "எறும்பு வந்தால் சுருக்கென்று கடிக்கிறது. கொசு வந்தால் காதைத் துளைக்கிறது. உனக்குத்தான் மரியாதை தெரிகிறது. உள்ளே வா!"

"யாருங்க இது?" என்று கேட்டது ராக்காயி.

"என் ரசிகன்!"

கீரி கண்ணயர்ந்ததும் பூச்சி அதன் கன்னத்தில் வாய் வைத்தது. வலிக்காமல், வயிறு புடைக்க ரத்தம் குடித்தது. குடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே எச்சமிட்டுவிட்டு, மண்சுவர் வெடிப்பில் போய்ப் பதுங்கியது. அந்த எச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகள் நெளிந்தன.

விடிந்ததும் கீரிக்குக் கன்னம் அரித்தது. கண் வீங்கியிருந்தது.

"தேய்க்காதீங்க! ஏதோ அசிங்கம் ஒட்டியிருக்கிறது. ஓடையில் போய்க் கழுவுங்க!" என்று கத்தியது ராக்காயி.

"அசிங்கமா? அன்பின் அடையாளமடி இது!" என்ற செம்பட்டை, கன்னத்தைப் பறக் பறக்கென்று சொறிந்துகொண்டது.

சில நாளில் வீக்கம் வடிந்தது. "பார்த்தாயா? எல்லாம் உன் பொறாமை!" என்று அது மனைவியைக் கேலி செய்தது. பூச்சி வீட்டோடு தங்கிவிட்டது. வயிறு காயும்போதெல்லாம் வந்து புகழ்ந்தது, புகழ்ந்துவிட்டு முத்தமிட்டது.

ஆண்டுகள் ஓடின. ராக்காயி குட்டிகள் ஈன்றிருந்த நேரத்தில், ஒரு நாகம் புற்றுக்குள் தலையை நீட்டியது. செம்பட்டை பாய்ந்தது. பாய்ந்த வேகத்திலேயே நெஞ்சு தறிகெட்டு அடித்தது. மூச்சு முட்டியது. கால்கள் மடங்கி, நாகத்தின் முன்னாலேயே குப்புற விழுந்தது.

"என்ன, வணக்கம் வைக்கிறாயா?" என்று சீறியது நாகம்.

நல்லவேளை, ராக்காயி குறுக்கே பாய்ந்து நாகத்தின் கழுத்தைக் கவ்வியது. குட்டிகள் பிழைத்தன.

"அன்றைக்கு ஒட்டிய அசிங்கம் கன்னத்தோடு நிற்கவில்லை. நெஞ்சுவரை போய்விட்டது!" என்றது ராக்காயி.

"துரோகி! என்னைக் கெடுத்துவிட்டாயே!" என்று செம்பட்டை சுவரைப் பார்த்து அலறியது.

வெடிப்பிலிருந்து பூச்சி எட்டிப் பார்த்தது. "நானா? நான் எச்சத்தைக் கன்னத்துக்கு மேல்தானே விட்டேன், அண்ணே! தேய்த்து உள்ளே அனுப்பியது உங்கள் கை!"

ராக்காயி பாய்வதற்குள் பூச்சி பறந்துவிட்டது. நேராக நரியின் குகை வாசலில் போய் இறங்கியது.

"அறிவுக்கடலே! உங்கள் கன்னத்தில் ஒரே ஒரு முத்தம்..."

நரி வெட்கப்பட்டுக்கொண்டே கன்னத்தைக் காட்டியது.

புகழ்ந்து முத்தமிட வருகிறவரின் வாயை மட்டும் பார்த்தால் போதாது. பின்னால் என்ன விட்டுவிட்டுப் போகிறார் என்றும் பார்க்க வேண்டும்.