ஒரே காய்ச்சலுக்கு இரண்டு வைத்தியர்

சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் செங்கழுநீர்ப்பட்டணம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கெல்லாம் ஒரே வைத்தியர் பூதனார்.

ஒரே வைத்தியர் என்றால் கேட்பானேன்? பொழுது உச்சிக்கு ஏறிய பிறகுதான் அவர் கதவு திறக்கும். வயிற்றுவலி என்று வந்தவனை நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார், நாடியைத் தொட மாட்டார், முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். "இதைக் குடி, போ" என்பார். குடித்துவிட்டுப் போவார்கள். வேறு எங்கே போவது?

அப்படியிருக்க, வடக்கேயிருந்து வில்லவனார் என்றொரு வைத்தியர் வந்து பக்கத்துத் தெருவில் குடியேறினார். விடியும்போதே கதவைத் திறந்தார். நடக்க முடியாதவர் வீட்டுக்குத் தாமே போய்ப் பார்த்தார். ஒரே மாதத்தில் பூதனார் வாசல் வெறிச்சோடிப் போயிற்று.

பூதனாருக்கு ரோஷம் வந்தது. அவரும் விடியலில் எழுந்தார். நாடி பார்த்தார். "ராத்திரி தூங்கினாயா அம்மா?" என்று விசாரித்தார். இருபது வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஊருக்கு நல்ல காலம் பிறந்தது.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வில்லவனார் மூன்று நாளில் காய்ச்சலை இறக்கினார் என்று ஊர் பேசியது. பூதனார் மருந்தின் வேகத்தைக் கூட்டி இரண்டு நாளில் இறக்கினார். வில்லவனார் இன்னும் கூட்டி ஒரே நாளில் இறக்கினார். எந்த மூலிகை, எவ்வளவு என்று ஒருவர் மற்றவரிடம் மூச்சுவிடவில்லை. குணமானவர்கள் பிறகு தலைசுற்றி விழுந்ததை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் நெசவாளி ஆதனின் மனைவி வெண்ணிக்குக் காய்ச்சல் கண்டது. கைக்குழந்தைக்காரி. ஆதன் ஓடிப்போய்ப் பூதனாரிடம் மருந்து வாங்கிக் கொடுத்தான். சாயங்காலம் வரை உடம்பு நெருப்பாகவே கொதிக்க, பதறிப்போய் வில்லவனாரிடமும் வாங்கிக் கொடுத்தான். முதல் மருந்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விரட்டிவிடுவாரோ என்று பயம்.

மறுநாள் காலையில் வெண்ணிக்குக் கைகால் சில்லிட்டுப் பேச்சு நின்றது. ஆதன் இரண்டு வைத்தியர் வாசலிலும் போய் அலறினான். இருவரும் வந்து கட்டிலின் இரு பக்கமும் நின்றார்கள். தெருவே வாசலில் திரண்டது.

பூதனார் நாடியைப் பிடித்தார். நூல்போல் ஓடியது. அவருக்குப் புரிந்துவிட்டது. தம் மருந்தே அளவு மீறியது; அதன்மேல் இன்னொன்றும் போயிருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஊர் முன்னால் மானம் போகும். வாயை மூடிக்கொண்டால் பழி எதிராளி தலையில் விழும். மூலையில் குழந்தை பாலுக்கு அழுதது.

அவர் வில்லவனாரை நிமிர்ந்து பார்த்தார். "வைத்தியரே, மூன்று நாளைக்குத் தர வேண்டியதை ஒரே வேளையில் கொடுத்துவிட்டேன். உம்மை முந்த வேண்டும் என்றுதான் கொடுத்தேன்" என்று சொல்லி, மருந்தில் சேர்த்த மூலிகைச் சரக்கையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்.

வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. வில்லவனார் தலைகுனிந்தார்.

"நானும் அதைத்தான் செய்தேன்" என்று தம் மருந்தையும் சொன்னார். "இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. இதற்கு முறிவு மருந்து எனக்குத் தெரியும். ஆனால் நீர் சொல்லாமல் இருந்திருந்தால், தவறான முறிவைக் கொடுத்துக் கொன்றிருப்பேன்."

ஒருவர் அரைத்தார், ஒருவர் புகட்டினார். ஒருவர் அயர்ந்தபோது மற்றவர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் நாள் அசைவில்லை. இரண்டாம் நாள் உள்ளங்காலில் சூடு வந்தது. மூன்றாம் நாள் காலையில் வெண்ணி கண் திறந்தாள்.

"பிள்ளை இப்படி அழுகிறதே, உமக்குக் காது கேட்கவில்லையா?" என்று புருஷனை அதட்டினாள்.

அந்த அதட்டலைக் கேட்டதும் பூதனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாக நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கியது. சிரித்தார், கண்ணில் நீர் வழிந்தது. வில்லவனார் அவர் கையைப் பற்றித் தூக்கிவிட்டார்.

அதன் பிறகும் அவர்கள் போட்டியை விடவில்லை. யார் முதலில் கதவைத் திறப்பது, யார் நோயாளி வீட்டுக்கு முந்திப் போவது என்பதில் இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் கொடுத்த மருந்தை மட்டும் அன்றன்றைக்கே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே, அக்கறையில் போட்டி போடும் வைத்தியரால் நோயாளி பிழைப்பார், பெயருக்குப் போட்டி போடும் வைத்தியரால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து.