பக்கத்து இலை

வாகீசன் தன் குருவைவிட வயதில் மூத்த சீடர். வங்கி மேலாளர் நாற்காலியை உதறிவிட்டுச் சிறுமூளையை ஆராய வந்தவர். குரு தையல்நாயகி, அவர் சேர்ந்த ஆய்வகத்தின் தலைவி. குறைவாகப் பேசுவார், மிச்சத்தை வாகீசன் பேசிவிடுவார்.

ஆயுத பூஜையன்று நுண்ணோக்கிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே அவர் குருவிடம் புலம்பினார். சிறுமூளையின் பெரிய நரம்பணு ஒவ்வொன்றும் விசிறிபோலக் கிளைவிடும். மற்ற நரம்பணுக்கள் அனுப்பும் சேதியைக் கேட்டுத்தான் அப்படி வளர்கிறது என்பது அவர் கட்சி. சுண்டெலிக் குட்டியின் மூளையில் ஒரே ஓர் அணுவின் காதை அடைத்துப் பார்த்தார். (காது என்று அவர் சொன்னது சேதி வாங்கும் ஒரு புரதத்தை.) கீழே கிளையே இல்லை, உச்சியில் மட்டும் புதர். கட்சி ஜெயித்தது. பிறகு எல்லா அணுக்களின் காதையும் அடைத்தார். அத்தனையும் லட்சணமான மரங்களாக வளர்ந்து நின்றன.

"ரெண்டுல ஒண்ணு பொய், மேடம். திங்கட்கிழமை தேர்வுக்குழு. எந்தச் சோதனையைத் தூக்கிப் போடட்டும்?"

"இன்னைக்குப் பந்தியில வாயைத் திறக்காதீங்க" என்றார் குரு. "சாப்பிட மட்டும் திறக்கலாம். கையையும் காட்டக் கூடாது."

தாழ்வாரத்தில் இலை போட்டார்கள். வாகீசனுக்குப் பக்கத்து இலை குருவுடையது. இங்கே சாம்பார், அங்கே ரசம் என்று வரிசை முழுக்கக் குரல்கள். பரிமாறுகிறவர் குரல் வந்த திசையிலெல்லாம் ஓடினார். குரு சாம்பாரை மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார். வாகீசன் இலையில் சாதம் வெள்ளையாகவே கிடந்தது. கடைசியில் எல்லோரும் வயிறு நிறைந்து இலையைக் கையால் மறைத்தார்கள். மறைக்காத ஒரே இலை அவருடையது. மிஞ்சிய பாயசமும் மோரும் வாளியோடு அங்கே வந்து இறங்கின. வெள்ளைச் சாதம் அதற்கு அணையாக நின்றது.

மறுநாள் விஜயதசமி. குரு எல்லோருக்கும் வாய்ப்பூட்டு போட்டார். கூப்பிட ஆளில்லாத பரிமாறுகிறவர், வேறு வழி தெரியாமல், முதல் இலையில் தொடங்கிக் கடைசி இலைவரை ஊற்றிக்கொண்டே போனார். எல்லோருக்கும் எல்லாமும் கிடைத்தது.

கை கழுவும் இடத்தில் வாகீசனின் விரதம் முடிந்தது. இரண்டு பந்தியின் பேச்சு உள்ளே தேங்கியிருந்தது.

"இன்னைக்கும் நான் வாயே திறக்கலை, மேடம். ஆனா வயிறு நிறைஞ்சுடுச்சு. அப்போ கூப்பிடறதுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. முதல் சோதனையைத்தான் தூக்கணும், இல்லையா?"

குரு கையைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து உங்க பங்கு சாம்பார் எங்கே போச்சு?"

வாகீசன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்து இலை ஞாபகம் வந்தது. கூடவே, காது அடைக்காத பக்கத்து அணுக்களும் ஞாபகம் வந்தன.

"நல்லா இருந்துச்சு" என்றார் குரு.