பின்னாலிருந்து முன்னால போன குஞ்சு வண்டி

ஒரு ஊர்ல ஒரு குஞ்சு வண்டி இருந்துச்சாம். உள்ளுக்குப் பூரா நேத்துப் பொரிச்ச கோழிக்குஞ்சு. கீச் கீச் கீச் கீச்! "ம்" கொட்டு சாமி, கொட்டினாத்தான் வண்டி நகரும்.

"ம்."

கெளம்பிருச்சு! டிரைவருக்குப் பக்கத்துல தெய்வானைன்னு ஒரு புள்ள. உடுமலைப் பக்கம் குஞ்சு பொரிக்கிற கம்பெனியில, எந்தப் பெட்டி எந்தப் பண்ணைக்கு எப்போ போகோணும்னு பாத்து அனுப்புற வேலைக்குப் புதுசா சேந்தவ. மேனேஜரு மூக்காலயே பேசுவாரு. "ங்ம்... தெய்வானை. இது உனக்கு மொத லோடு. குஞ்சு பூரா உசுரோட போய்ச் சேந்தா வேலை உனக்கு. இல்லேன்னா... ங்ம்... பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்."

மடத்துக்குளம், பழனி, ஒட்டன்சத்திரம்னு மூணு பண்ணை. தெய்வானை விரல் விட்டு யோசிச்சு, மொதல்ல போற மடத்துக்குளத்துப் பெட்டிய மொதல்ல ஏத்துனா. அப்புறம் பழனி. அப்புறம் ஒட்டன்சத்திரம். எவ்வளவு சுத்தமான வேலை! வெனையே அதுலதான் இருந்துச்சு. இரு, வாரேன்.

அப்போ ரயில்வே கேட்டு. டிங் டிங் டிங்! வண்டி நின்னுச்சு. வண்டி நின்னா காத்து நிக்கும். காத்து நின்னா பெட்டிக்குள்ள நெருக்கிக்கிட்டிருக்கிற குஞ்சு வெந்துரும். கீச் கீச்... கீச்... கீ... சத்தத்தையே காணோம்.

"வண்டிய நிக்க விடாதீங்ணா!"ன்னா தெய்வானை.

டிரைவர் குப்பண்ணன் பேசுனா, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நாம டீ குடிச்சுட்டு வந்துரலாம். "அம்மிணி... முன்னால... ரயிலு... வருதுங்களே?"

"பக்கத்து மைதானத்துல சுத்துங்ணா!"

புர்ர்ர்ர்! வண்டி சுத்துது, சுத்துது. மாடு மேய்க்கிறவரு, "வண்டிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுடோய்!"ங்கறாரு. காத்து உள்ளாற பூந்துச்சு. கீ... கீச்... கீச் கீச் கீச்!

அப்புறம் மடத்துக்குளம். கதவைத் தொறந்தா வாசல்ல ஒட்டன்சத்திரத்துப் பெட்டி! இந்த ஊருப் பெட்டி எல்லாத்துக்கும் உள்ளுக்கு. மொதல்ல ஏறுனது கடைசியாத்தானே வெளிய வரும்? அத்தனையும் வெயில்ல எறக்கி வெச்சா குஞ்சு தாங்குமா?

பண்ணைக்காரர் ராயப்பன் குதிச்சாரு. "பல்பைப் போட்டுக் கூட்டைச் சூடா வெச்சிருக்கேன். மாப்பிள்ளை வாசல்ல நிக்கறான், பொண்ணு வண்டிக்குள்ள மாட்டிக்கிச்சுங்கறியா அம்மிணி?"

தெய்வானை கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு. பஸ் ஸ்டாண்டே தெரிஞ்சுது. அப்புறம் அந்தப் பெட்டியையே பாத்தா. பெட்டியத் திருப்ப முடியாது. வழியத் திருப்பலாம்ல?

"கதவைச் சாத்துங்ணா! மொதல்ல ஒட்டன்சத்திரம், அப்புறம் பழனி, திரும்பி வாரப்ப மடத்துக்குளம். ராயப்பண்ணா, பல்பை அணைச்சுராதீங்க!"

ஆனா ஒட்டன்சத்திரத்துப் பண்ணையில சாயங்காலம்தான் குஞ்சு வரும்னு இருப்பாங்களே? போனைப் போட்டா. எடுத்தது பண்ணைக்கார நாச்சாத்தா. "ஆத்தாடி, இப்பவேவா? கூட்டைச் சூடாக்க இங்க கரண்டு இல்ல கண்ணு!"

"கரி இருக்குதுங்களா?"

"இருக்குது."

"மூட்டுங்க. உமியப் பரத்துங்க. வந்துட்டே இருக்கோம்!"

இங்க வண்டி ஓடுது, அங்க கரி கனியுது. சேதி முன்னால, சாமான் பின்னால. போய்ச் சேந்தப்போ கூடு கதகதன்னு இருந்துச்சு. குஞ்செல்லாம் உமியில தத்தித் தத்தி ஓடுச்சு. ஒண்ணு மட்டும் கண்ணை மூடிக் கெடந்துச்சு.

"செத்துருச்சா?"

அட சாமி, நீ தூங்கிட்டியோன்னு நெனச்சேன்! தெய்வானை அதை உள்ளங்கையில எடுத்து, மூக்கைத் தண்ணியில தொட்டா. ஒண்ணுமில்ல. மறுக்காத் தொட்டா. ஒண்ணுமில்ல. மூணாந்தரம் தொட்டா...

கீச்!

அப்புறம் பழனி, அப்புறம் மடத்துக்குளம். ராயப்பன், "பொண்ணு வந்துருச்சுடோய்!"னு கையத் தட்டினாரு. பாம் பாம் பாம்னு காலி வண்டி கம்பெனிக்குள்ள நொழஞ்சுது. மேனேஜரு வாசல்லயே நின்னாரு. "ங்ம்... எத்தனை போச்சு?"

தெய்வானை வாயத் தொறக்கறதுக்குள்ள குப்பண்ணன், "ஒண்ணுகூடப் போகலைங்க சார் அம்மிணி கெட்டிக்காரிங்க சார்!"ன்னாரு. ஒரே மூச்சுல! மேனேஜரு மூக்கால பேசறதையே மறந்துட்டாரு. "வேலை உனக்குத்தான் ஆத்தா!"

"நாளையில இருந்து கடைசியா எறங்குறது மொதல்ல ஏறுமுங்க சார்"னு தெய்வானை சிரிச்சா.

இப்போ அங்க எல்லா வண்டியும் அவ கை காட்டினாத்தான் கெளம்புமாம். முட்டை பொறுக்கறவங்க, மிஷின் பாக்கறவங்க, பெட்டி ஏத்தறவங்க, வண்டி ஓட்டறவங்க, கரி மூட்டறவங்க, அத்தனை கையும் கோத்து நிக்க, நடுவுல தெய்வானை. நீ அதுல எந்தக் கை சாமி?

"...கீச்."

குஞ்சு கூடு சேந்துச்சு, கதை காது சேந்துச்சு. கண்ணை மூடு.