மூன்று பாட்டில் தேன்

மார்த்தாண்டத்து லில்லிபாய்க்குப் பிழைப்பே முப்பது தேனீப் பெட்டிகள்தான். இந்தப் பூக்காலத்தில் அவற்றை லாரியில் ஏற்றி ஒட்டன்சத்திரம் பக்கம் கொண்டுவந்து வைத்தாள். சுற்றிலும் மூன்று தோட்டங்கள்: கருப்பணனின் முருங்கை, சென்னியப்பனின் சூரியகாந்தி, ரத்தினவேலின் பூசணி. வந்த அன்றே மூவரிடமும் ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"மருந்து அடிக்கணும்னா முந்தின நாள் அந்திக்கு ஒரு வார்த்தை சொன்னா போரும். பெட்டி வாசல அடச்சிருவேன்."

மூவரும் மண்டையை மண்டையை ஆட்டினார்கள். ஆட்டுவதற்கு என்ன செலவா, கேடா?

பத்தாம் நாள் காலை, இருபத்துநாலு பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் கும்பல் கும்பலாகச் செத்துக் கிடந்தன. சில நாக்கை நீட்டியபடி மல்லாந்து சுழன்றுகொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் எறும்பு மொய்த்து நாற்றமெடுத்தது. மூவரும் வந்து பார்த்தார்கள். "நாங்க மருந்தே அடிக்கலைங்க, ஏதோ சீக்கு" என்று ஒரே பாட்டாகப் பாடினார்கள். நாக்கை நீட்டிச் சாவது மருந்து பட்ட ஈதான் என்று லில்லிபாய்க்குத் தெரியும்.

அடித்தவன் அடுத்த வாரமும் அடிப்பான். அதற்குள் ஆளைக் கண்டுபிடித்தால்தான் மிச்சமிருக்கும் ஆறு பெட்டிகள் பிழைக்கும்.

அவள் கூடாரத்துக்குள் போய் மூன்று பாட்டில் தேனோடு வந்தாள். "செத்த பெட்டிகள்ல எடுத்தது. சீக்குதானே? மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது. ஆளுக்கொண்ணு எடுத்துக்கிடுங்க."

கருப்பணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேண்டாம் தாயி. இத்தனை உசுரு செத்துக் கிடக்கையில எப்படித் திங்கறது?"

சென்னியப்பன் அங்கேயே மூடியைத் திறந்து விரலை விட்டு நக்கினான். "அருமையான தேனு!" காலடியில் ஈக்கள் நசுங்கியதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

ரத்தினவேல் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டான். கருப்பணன் விட்ட பாட்டிலையும் கேட்டு எடுத்துக்கொண்டு, "டவுன்ல மளிகைக் கடைக்குப் போட்டுடறேன். எதுக்கு வீணாக்கணும்?" என்றான். அவன் இடுப்பிலிருந்த மகள், பாட்டில் கழுத்தில் வழிந்த தேனைத் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனாள். அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டு, வேட்டி நுனியால் விரல் விரலாகத் துடைத்தான். "சளி பிடிக்கும் கண்ணு."

ஒருவன் தொடவே இல்லை. ஒருவன் நக்கிப் பார்த்தான். ஒருவன் இரண்டு பாட்டில் வாங்கினான். மருந்து அடித்தவன் இவர்களில் யார்?

விடை: ரத்தினவேல். தொடாத கருப்பணன்மேல் சந்தேகம் வரும். ஆனால் அவன் மனசு கேட்காமல் மறுத்தவன். சென்னியப்பன் வெறும் நாக்குருசிக்காரன். விஷம் என்று தெரிந்திருந்தால் நக்கியிருக்க மாட்டான். தன் பிள்ளை வாய்க்கு ஆகாதென்று தெரிந்தே ஊரார் பிள்ளைகளுக்கு விற்கத் துணிந்தவன் ரத்தினவேல்தான். லில்லிபாய் அவன் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி, அவன் கண்ணெதிரே ஒரு வாய் குடித்தாள். அது போன மாதம் ஊரில் எடுத்த நல்ல தேன். ஆறு பெட்டிகளையும் அன்றைக்கே லாரியில் ஏற்றிவிட்டாள். ஈ வராத பூசணிக் கொடியில் மகரந்தம் சேராமல் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ரத்தினவேல் அதற்கும் ஒரு மருந்து வாங்கப் போனான்.