கோடில்லாத காசித்தும்பை

ஏற்காட்டு மலையில் பூச்செடிகளுக்கான ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருந்தது. அதை நடத்திவந்தவர் பிலோமினா. அவரிடம் மாணவராக வந்து சேர்ந்தவர் ரத்தினசபாபதி.

ஆசிரியையைவிட மாணவருக்கு வயது அதிகம். மருந்துக் கம்பெனியில் பார்த்துவந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். இதுவரை யாரும் பார்க்காத நிறத்தில் ஒரு பூவைப் பூக்கவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அவர் எடுத்துக்கொண்டது காசித்தும்பை. வாசலில் தானாக முளைத்துக் கிடக்கும் செடியா என்று கூடத்தில் சிலர் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை.

அதன் கரும் ஊதா நிறத்துக்குக் காரணமான மரபணுவில் ஒரு சிறு இடத்தை ரத்தினசபாபதி திருத்தினார். பல செடிகள் பட்டுப்போயின. மற்றவை பழைய ஊதாவிலேயே பூத்தன. வருடங்கள் போயின. கடைசியில் ஒரே ஒரு செடி வேறு மாதிரி பூத்தது. மழைக்கு முன்னால் வானம் இருக்குமே, அந்த நிறம்.

அதன் முன்னால் நின்று அவர் அழுதார். பிறகு மனைவிக்குப் போன் செய்தார். 

அந்த ஒரு செடிக்கு, தேனீ வராத உள்ளறையில் கையாலேயே மகரந்தம் தொட்டு வைத்து எடுத்த விதை முழுவதையும் வலைக்கூடத்தில் ஒரு வரிசையாக நட்டார். பக்கத்து வரிசையில் பழைய ஊதாச் செடிகள் இருந்தன. மூலையில் ஒரு தேனீப் பெட்டி.

வரிசை முழுக்கப் புது நிறம் பூத்தது. அதன் படத்தைப் பார்த்த பெங்களூர் விதைக் கம்பெனி ஒன்று அவரைப் பெரிய பதவிக்கு அழைத்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கவனித்தார். ஊதாச் செடிகளில் காய் தொங்கியது. தொட்டால் வெடித்தது. புதுச் செடிகளில் பூ உதிர்ந்த காம்பு மட்டும் நின்றது. எந்தத் தேனீயும் அங்கே உட்காரவில்லை.

காசித்தும்பை ஒரு பருவத்துச் செடி. விதை கட்டாவிட்டால் அந்த நிறம் அத்தோடு போய்விடும்.

ஆசிரியையிடம் ஓடினார்.

"மேடம், என் பூவுக்குத் தேனீ வரமாட்டேங்குது. பூ மேல தப்பா, தேனீ மேல தப்பா?"

பிலோமினா வலைக்கூடத்துக்கு வந்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு தேனீ புது வரிசைக்கு வந்தது. ஒரு பூவைச் சுற்றியது. ஊதாவுக்குப் போய்விட்டது.

"ஊதாப் பூவுக்குள்ள என்ன தெரியுது?"

"கருப்பா கோடு கோடா இருக்கு. தேன் இருக்கிற இடத்துக்குப் போகுது."

"உங்க பூவுல?"

"நிறத்தை எடுத்தப்போ கோடும் போயிடுச்சு, மேடம். நல்லதுதான்னு நினைச்சேன். இதழ் சுத்தமா இருந்துச்சு."

"யாருக்கு?"

ரத்தினசபாபதி கோடில்லாத இதழ் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இன்னொரு மரபணுவைத் திருத்தி அந்தக் கோட்டை வரவைக்கலாம். பெங்களூர்ல எல்லா வசதியும் இருக்கு. போனதும் முதல் வேலை அதுதான்."

"அதுவரைக்கும் இந்தச் செடிங்க?"

"யாராவது பார்த்துக்கட்டும்."

"யாரு?"

கூடத்தில் அவரவருக்கு அவரவர் செடி இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

பிலோமினா எழுந்து உள்ளே போனார். மெல்லிய தூரிகை ஒன்றோடு திரும்பி வந்தார். அன்று மலர்ந்த ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டார். பக்கத்துச் செடியில் முன்பே மலர்ந்திருந்த பூவின் நடுவில் தடவினார். பிறகு தூரிகையை அவரிடம் நீட்டினார்.

"நான் வேலையில சேர வேண்டிய தேதி நெருங்குது, மேடம்."

"தெரியும்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அவர் வாங்கிக்கொண்டார்.

பெங்களூருக்குப் போன் செய்து, இப்போது வர முடியாது என்றார். எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றார். அந்தப் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

தினமும் காலையில் வரிசையின் ஒரு முனையில் குனிந்து மறுமுனையில் நிமிர்ந்தார். இடுப்பு வலித்தது. காற்றடித்தால் மகரந்தம் பறந்தது. மழை பெய்த நாட்களில் பூவுக்குக் குடை பிடித்தார். கூடத்தில் மறுபடியும் சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மெல்லக் காய்கள் பருத்தன. ஒரு காய் அவர் உள்ளங்கையிலேயே வெடித்தது.

விதைகளை ஒரு கிண்ணத்தில் போட்டு ஆசிரியையின் மேசையில் வைத்தார். பிலோமினா அவற்றை விரலால் அளைந்து பார்த்தார்.

"நல்லா முத்தியிருக்கு."

"அடுத்த பருவத்துக்கும் நான்தான் தொட்டு வைக்கணுமா, மேடம்?"

"ஆமா."

"இன்னும் எத்தனை காலத்துக்கு?"

பிலோமினா கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தேனீகிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல."