சுரண்டாத மூலை

ததேயுஸ் ஆசானிடம் ஃபைபர் வேலை பழக வந்தவர்களில் ஆசானைவிட மூத்தவர் வறுவேல் ஒருவர்தான். ஐம்பத்தைந்து வயதில் வந்து சேர்ந்தார். அதனால் ஆசான் சீடனை "அண்ணே" என்பார். சீடன் ஆசானை "ஆசானே" என்பார். கடற்கரையில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. இவர்கள் இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆசான் கடலுக்குப் போகும் வள்ளம் செய்கிறவர். வறுவேலுக்கு வள்ளம் வேண்டாம். அவரிடம் இருந்தது ஒரு பழைய மீன் வேன். அதன் பலகைத் தரைக்கு ஃபைபர் போட வேண்டும். வேறொருவர் கை அதன்மேல் படுவது பிடிக்காமல், தானே பழகிக்கொள்ள வந்திருந்தார்.

"நான் போட்டா ரெண்டு நாளு வேலை அண்ணே. நீங்க பழகிப் போடணும்னா மாசம் ஒண்ணு ஆவும்."

"ஆவட்டும் ஆசானே."

"அவசரம் உங்களுக்கா, மைனிக்கா?"

"அவளுக்குத்தான்."

அவசரம் அவர் மனைவி மெற்றில்டாவுக்குத்தான். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த அன்று, சேலையைக்கூட மாற்றாமல் வந்து முன்னால் நின்றாள்.

"இனி நமக்கு மீன் வேண்டாம்."

"பின்ன?"

"பூ ஏத்துவோம். தோவாளையிலேர்ந்து திருவனந்தபுரத்துக்கு."

"பூவா? நம்ம வண்டியிலயா?" வறுவேல் சிரித்தார். "பூவுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் சிரிக்கவில்லை.

"பந்தியில என் பக்கத்துல உக்காந்தவ, எலையைத் தூக்கிட்டு அடுத்த வரிசைக்குப் போனா. சோப்பு போட்டுக் குளிச்சு, பவுடர் போட்டுத்தான் போயிருந்தேன். நீரு சோத்தைப் பாத்துட்டு இருந்தீரு. நான் அவ எழும்புனதைப் பாத்தேன்."

மறுவாரம் தோவாளைப் பூ வியாபாரி ஒருவர் வந்து வண்டிக்குள் தலையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் வெளியே எடுத்தார்.

"தரையை மாத்தும். ஓணத்துக்கு முன்னால ஒரு நாள் வந்து பாப்பேன். மீன் மணம் கொஞ்சம் இருந்தாலும் என் பிச்சிப்பூ இதுல ஏறாது. வேற வண்டிக்குக் குடுத்திருவேன், வருத்தப்படக் கூடாது."

மெற்றில்டா அன்றே நாலு முழம் பிச்சி வாங்கிவந்து தலை நிறைய வைத்துக்கொண்டாள். அப்படி வைத்து அவளைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. வறுவேலுக்கு அது மகிழ்ச்சியா சங்கடமா என்று தெரியவில்லை. மறுநாள் ஆசானின் கொட்டகைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆசான் முதலில் ஃபைபரை ஒட்டவைக்கும் ரெசின் பசையைத் தொட விடவில்லை. உப்புத்தாளைக் கையில் கொடுத்தார்.

"சுரண்டும் அண்ணே."

"எவ்வளவு?"

"பலகை புதுசு மாதிரி வெளுக்கிற வரைக்கும். எண்ணெய் நின்னா ஃபைபர் பிடிக்காது."

அந்தப் பலகையில் எண்ணெய் இல்லாத இடம் ஏது? மத்தியின் எண்ணெய், சூரையின் ரத்தம், ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர், எல்லாம் குடித்துக் கறுத்துக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் முழங்கால் போட்டு உட்கார்ந்து சுரண்டினார். தாள் தேய்ந்தது, கை தேய்ந்தது. தூள் பறக்கப் பறக்கப் பழைய மணம் ஏறி வந்தது. அந்த மணத்தோடு விடியலுக்கு முந்தைய ரோடும் வந்தது. மார்த்தாண்டம், குலசேகரம், அதற்கும் மேலே ரப்பர் தோட்டத்து வளைவுகள். முன்னால் அவர் ஓட்டுவார். பின்னால் கூடைகளுக்கு நடுவே மெற்றில்டா உட்கார்ந்து, சரியும் கூடைக்குக் காலால் முட்டுக் கொடுத்து வருவாள். இருவருக்கும் நடுவில் தகரத் தடுப்பு. அதில் அவள் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் மெதுவாகப் போக வேண்டும்.

ஒருநாள் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"ஆசானே, பழசு போகாம புதுசு பிடிக்கிறதுக்கு ஒரு வழியும் இல்லியா?"

ஆசான் 'மேட்' என்கிற கண்ணாடி நார் விரிப்பை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து வண்டிக்குள் பார்த்தார். தரை முழுவதும் வெளுத்திருந்தது. தகரத் தடுப்பை ஒட்டிய இடது மூலையில், ஒரு ஆள் சம்மணம் போடும் அளவுக்கு, பலகை கறுப்பாகவே இருந்தது.

"எல்லா இடமும் சுரண்டியாச்சா அண்ணே?"

வறுவேல் உப்புத்தாளைத் தட்டித் தூளை உதறினார்.

"ஆச்சு ஆசானே."

"அப்ப கலக்கும்."

கறுப்பு மூலையைக் கண்டும் ஆசான் மேட்டை வெட்டத் திரும்பிவிட்டார்.

ரெசினில் அதை இறுகவைக்கும் ஹார்டனர் விட்டுக் கலக்கினார் வறுவேல். பிரஷ்ஷால் தரையில் பூசி, அதன்மேல் மேட்டை விரித்து, மறுபடியும் பூசினார். வெள்ளைத் துணிபோல் கிடந்த மேட் ரெசினைக் குடித்துக் கண்ணாடியாகி, அடியில் பலகையின் ரேகை தெரிந்தது. உள்ளே நின்ற காற்றையெல்லாம் உருளை போட்டு விரட்டினார். பக்கச் சுவரில் ஒரு சாண் ஏற்றி விட்டார். பின்கதவு ஓரம் தண்ணீர் போக வழி வைத்தார். ஆசான் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பீடி குடித்தார். ரெசின் இருக்கும் இடத்தில் பீடி கூடாது என்று மற்றவர்களைத் திட்டுகிறவர், அன்று காற்று வாகு பார்த்துத் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் மதியம் மெற்றில்டா சோறு கொண்டுவந்தாள். பூ வியாபாரி மறுநாள் காலையில் வருவதாகப் போன் செய்திருந்தார். அவள் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"தரையா இது? முகம் தெரியுதே!" செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறினாள். "ஆசானே, உங்க சீடன் பாஸாயிட்டாரா?"

"நீங்கதான் சொல்லணும் மைனி."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே முன்னால் நடந்தாள். தகரத்தை நெருங்கியதும் நின்றாள். குனிந்தாள்.

"இஞ்ச பாரும்."

இடது மூலையில் ஃபைபர் வெளுத்துக் கொப்பளித்திருந்தது. ஓரம் கிளம்பியிருந்தது. அவள் விரலால் தூக்கினாள், பப்படம் மாதிரி எழும்பியது. அடியிலிருந்து வந்த மணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தரை முழுக்கப் பிடிச்சிருக்கு. இந்த ஒரு மூலைக்கு மட்டும் என்ன வந்துது?"

"தெரியல்ல" என்றார் வறுவேல்.

"அந்த ஆளு நாளைக்கு மொதல்ல இங்கதான் மூக்கை வைப்பான். பாத்துக்கிடும்."

அவள் அந்த மூலையின்மேல்தான் நின்றுகொண்டிருந்தாள். அந்த இடம் எதுவென்று அவளுக்கு நினைவில்லை. வறுவேல் அவள் முகத்தையே பார்த்தார். ஏதாவது ஞாபகம் வருமா என்று. ஒன்றும் வரவில்லை.

"சோறு ஆறிப்போவும், தின்னும்." காலையில் கஞ்சி கொண்டுவந்திருந்த காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். "வண்டிதான் படுத்துக் கெடக்கு, நான் பஸ்ஸுக்கு நடக்கேன்."

அவள் மணல் பாதையில் இறங்கிப் போனாள். குரலில் இருந்த ஏற்றம் இறங்கியிருந்தது.

ஆசான் எழுந்து வந்து வண்டிக்குள் ஏறினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். பிடித்த இடத்தில் கல்மாதிரிக் கேட்டது. மூலைக்கு வந்து இரண்டு தட்டுத் தட்டினார். தொப் தொப்பென்று கேட்டது.

வறுவேலின் வலது கால் தன்னையறியாமல் எதையோ தேடி அழுத்தியது.

ஆசான் அந்தக் காலைப் பார்த்தார்.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு தட்டுனா பிரேக் போடணும். பழக்கம்."

"யாரு தட்டுவா?"

"அவதான். இங்க உக்காந்துட்டு. பாத்தீரா, பலகை குழிஞ்சு கெடக்குது. இதெல்லாம் கத்தி வெட்டு, சந்தையில சுறா முறிப்பா. ஒரு தட்டுனா நிறுத்தணும். ரெண்டுன்னா மெதுவா."

"மூணு தட்டுனா?"

வறுவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது சும்மா. இருட்டுல, ஒரு வண்டியும் வராத ரோட்டுல, சும்மா தட்டுவா. நானும் இந்தப் பக்கம் மூணு தட்டுவேன்."

ஆசான் தகரத் தடுப்பை நிமிர்ந்து பார்த்தார்.

"தரை முழுக்கச் சுரண்டிட்டேன் ஆசானே. இங்க வரும்போது கை வரல்ல. மேல மூடிட்டா அடியில அப்பிடியே கெடக்கும், யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"பிடிக்காதுன்னு தெரியாதா?"

"தெரியும். நான் போட்டா ஒருவேளை பிடிச்சிரும்னு நெனச்சேன்."

ஆசான் சிரித்தார். வறுவேலும் கொஞ்சம் சிரித்தார். பிறகு ஆசான் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக் கிளம்பிக்கிடந்த ஃபைபரை வட்டமாக வெட்டி எடுத்து வெளியே எறிந்தார். கறுத்த பலகை தெரிந்தது.

"இப்ப சுரண்டி, சாயங்காலத்துக்குள்ள போட்டா விடியும்போ இறுகியிருக்கும். விட்டா இப்பிடியே கெடக்கும். உங்க வண்டி, உங்க இஷ்டம்."

புதிய உப்புத்தாள் ஒன்றைக் கிழித்துச் சீடனின் கையில் வைத்தார்.

வறுவேல் மூலையில் முழங்கால் போட்டார். தாளைப் பலகையின்மேல் வைத்தார். தேய்க்கவில்லை. கத்தி வெட்டு ஒன்றின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். இருபது வருடத்துக்கு முந்தைய வெட்டு. விரல் அதற்குள் இறங்கி நின்றது.

"சுரண்டிருவேன் ஆசானே. ஆனா இதுவும் போயிட்டா, அப்பம் இருந்த மெற்றில்டாவை நான் எங்க போய்ப் பாப்பேன்?"

ஆசான் பின்கதவை அகலத் திறந்துவிட்டார். மதிய வெயில் உள்ளே பாய்ந்தது. மணல் பாதை தார் ரோடு வரைக்கும் நேராகத் தெரிந்தது.

"அந்தா, வெயில்ல பாத்திரத்தைத் தூக்கிட்டுப் போறது யாரு அண்ணே?"