பச்சைக் குடைப் பவளம்

குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடர் பேரன் எடுத்தவர். யீஷூன் வட்டாரத்தில் எங்கள் உப்புத்தண்ணீர்க் கூட்டத்தில் யாருக்கும் இது வேடிக்கையாகத் தெரிந்ததில்லை. வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கிற எங்களுக்கு வசந்தமாலா சொல்வதுதான் வேதம். டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

பகலில் அவர் பல் டாக்டரிடம் உதவியாளர். மற்ற நேரமெல்லாம் பவளம்தான். அதுவும் கல்லாக இறுகுகிற வகை இல்லை, தோல் மாதிரி மெத்தென்று இருக்கிற வகை. மளமளவென்று வளரும். வெட்டினால் வெட்டின துண்டும் வளரும், மொட்டையாக நிற்கிற தண்டும் திரும்பத் தழைக்கும்.

டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வகையில் ஒரு துண்டை ஒரே ஆளுக்குத்தான் வெட்டிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். வாங்கினவர் அதை வளர்த்து, வெட்டி, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் அதற்கடுத்தவருக்கு.

பச்சைக் குடை என்கிற வகை, நான் சொன்ன அந்தச் சீடர் அருளப்பன் அண்ணனுக்குப் போனது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் தொட்டியில் அது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்தது. குடை முழுக்கப் பச்சை விரல்கள், தண்ணீர் ஓட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். அழகு என்றால் அப்படி ஒரு அழகு, அதை நான் மறுக்கவே மாட்டேன்.

அடுத்து வாங்க வேண்டியவன் நான். கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு.

"இப்பத்தான் நல்லா விரிஞ்சிருக்கு தம்பி. பாவம், விட்டுடுவோமே."

விரல்களை உள்ளே இழுத்துச் சுருங்கியிருந்த நாளாகப் பார்த்துக் கேட்டேன்.

"உடம்பு சரியில்ல போல. இப்பப் போயா கத்தரியைக் காட்டறது?"

விரிந்தாலும் வெட்டமாட்டார், சுருங்கினாலும் வெட்டமாட்டார். டீச்சரிடம் போய் முறையிட்டேன். "அவருக்குக் கை வரும்போது வெட்டட்டும்," என்றார், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை கல்யாணத்துக்கு டீச்சர் ஈப்போ போயிருந்தபோது, அவர் தொட்டியின் தண்ணீரைக் குளிரவைக்கிற மெஷின் நின்றுபோனது. இங்கே அடிக்கிற வெயில்தான் தெரியுமே. திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க அழுகல் நாற்றம். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மற்ற வகைகள் கைமாறிக் கைமாறிப் பல வீடுகளில் இருந்தன. ஆளாளுக்கு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். பச்சைக் குடை மட்டும் அருளப்பன் அண்ணன் வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. டீச்சர் கிளம்பினார். வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

அண்ணன் வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"டீச்சர், கல்லோட முழுசா எடுத்துட்டுப் போங்க. இதை வச்சிருக்க நான் லாயக்கில்ல."

"முழுசா வேணாம் அங்கிள். ஒரு டப்பா கொண்டாங்க. நல்ல கத்தரி ஏதும் இருக்கா?"

"கோழி வெட்டற கத்தரியைத் தொட்டீங்கன்னா பாருங்க," என்று சமையலறையிலிருந்து அண்ணனின் மனைவி குரல் கொடுத்தார்.

டீச்சர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து தன் கத்தரியை எடுத்தார். டப்பாவில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, பவளத்தைக் கல்லோடு தூக்கி அதற்குள் வைத்தார். தொட்டதுமே விரல்களெல்லாம் உள்ளே போய், வழவழவென்று ஒரு கட்டியாகக் குறுகிவிட்டது. கத்தரியை அண்ணனிடம் நீட்டினார்.

"நானா?"

"நீங்கதான். தண்டை விட்டுட்டு மேல இருக்கிற குடையை அப்படியே எடுத்துருங்க. அப்புறம் கேக் வெட்டற மாதிரி கூறு போடுங்க. ஒவ்வொரு கூறையும் ஒரு சின்னக் கல்லுல வச்சு, வலையைச் சுத்தி ரப்பர் பேண்ட் போடுவோம். தானா ஒட்டிக்கும்."

"எல்லாம் தெரியும் டீச்சர். கைதான் வரமாட்டேங்குது."

எத்தனையோ கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்கின கை அது. சின்னக் கத்தரியை வாங்கித் திறக்காமலே வைத்திருந்தது. எரிச்சலோடு வந்த எனக்கே பாவமாகிவிட்டது.

"ஓரமா ஒரு துண்டு, உங்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தா போதாதா?" என்று அண்ணன் கேட்டார்.

"போதாது. தம்பிக்கு ஒண்ணு. ஜூரோங்ல இருக்கிற சீனப் பையனுக்கு ஒண்ணு. கேட்டவங்க எல்லாருக்கும் கொடுக்கணும். தண்டு உங்ககிட்டயே இருக்கட்டும்."

"வெட்டின இடம் அழுகிட்டா?"

"சில நேரம் அழுகும்."

ஆறுதலாக ஏதாவது சேர்த்துச் சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"அழுகிட்டா என்ன பண்றது டீச்சர்?" என்றார் அண்ணன்.

"அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுட்டு மத்த துண்டைப் பார்ப்போம்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தரியை மேசைமேல் வைத்தார்.

"உங்க கையால கொடுத்தது. இப்ப இருக்கிறதே இது ஒண்ணுதான். ஒரு கீறல் படாம வளர்த்துட்டேன். முழுசா இருக்கிற வரைக்கும் பத்திரமா இருக்கும்ல?"

டீச்சர் டப்பாவுக்குள் குறுகிக் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னோடதும் ஒரே தொட்டியில முழுசாத்தான் இருந்துச்சு அங்கிள்," என்றார்.

அண்ணன் கத்தரியை எடுத்து வெட்டத் தொடங்கினார்.